சாவி யார் இடுப்பில்?



சென்ற மாதம் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டம் முடிந்து சுக்குக்காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். பாய் சுருட்டுகிற நேரம். மூலையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஓர் இளம் தாய் மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, எல்லாரும் கர்த்தர் ஆளுகை செய்யுதார்னு சொல்லி ஜெபம் பண்ணுனீங்க. அவர் ஆளுகை செஞ்சா, எனக்கு மட்டும் ஏன் இப்படி நடக்கு?"

அவள் முழங்கைக்குக் கீழே ஒரு தீக்காயத் தழும்பு. "தோசைக்கல்லு பட்டுட்டு" என்று முன்பே சொல்லியிருந்தாள். நாங்களும் நம்பியதுபோல் இருந்துவிட்டோம்.

காப்பி டம்ளரோடு எல்லோரும் பேசாமல் நின்றோம். வயதில் மூத்த ஓர் அம்மாள் மட்டும், "சிலுவை இல்லாம கிரீடம் இல்லம்மா, பொறுத்துக்கோ" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அந்தப் பெண்ணின் முகம் இன்னும் கொஞ்சம் வாடிப்போனதை நான் பார்த்தேன். அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன். நான் படித்தது பிளஸ் டூ வரை. வேத சாஸ்திரம் கற்றவள் அல்ல. பட்டதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

கிறிஸ்தவர்களாகிய நாங்கள், உலகத்தில் நடப்பது எதுவும் கடவுளின் கையை மீறிப் போய்விடாது என்று நம்புகிறோம். மற்றச் சமயச் சகோதரிகள் 'எல்லாம் அவன் செயல்' என்பார்களே, கிட்டத்தட்ட அதைப் போல. சொல்வதற்குச் சுலபம். சோறு இறங்காத நாளில் அதை நம்புவதுதான் கஷ்டம்!

இரண்டு பவுன் சங்கிலி

2002-ல் எனக்குத் திருமணம். நாசரேத் பக்கத்துச் சின்ன ஊரிலிருந்து பாளையங்கோட்டைக்கு இரண்டாவது மருமகளாக வந்தேன். என் கணவருக்குத் துணிக்கடையில் வேலை. ஒரே வீட்டில் மாமியார், மூத்தவர் குடும்பம், நாங்கள், கல்யாணமாகாத கொழுந்தனார்.

என் மாமியாரை நான் 'அத்தை' என்றுதான் கூப்பிடுவேன். அத்தையின் இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து தொங்கும். அரிசிப் பெட்டி, பீரோ, பின்கட்டு அறை எல்லாவற்றின் சாவியும் அதில்தான். அத்தை நடந்தால் சாவி சத்தம் முன்னே வரும். அந்தச் சத்தம் கேட்டாலே நான் எழுந்து நின்றுவிடுவேன்.

2004-ல் எங்கள் மூத்த பெண் பிறந்தாள். குழந்தைக்கு மூன்று மாதம் இருக்கும்போது பீரோவிலிருந்த அத்தையின் இரண்டு பவுன் சங்கிலி காணாமல் போய்விட்டது. முந்தின நாள் குழந்தைக்குப் பழைய சேலைத் துணி எடுக்க, அத்தையிடம் சாவி வாங்கிப் பீரோவைத் திறந்தவள் நான். போதாதா?

யாரும் என்னைத் 'திருடி' என்று நேரே சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட "இல்லை" என்று பதில் சொல்லியிருப்பேன். நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுபோகும். என் பெட்டியை யாரோ கலைத்து, திரும்ப மடித்து வைத்திருப்பார்கள். என் அம்மா குழந்தையைப் பார்க்க வந்து புறப்பட்டபோது, அவர்கள் பையை வாங்கித் திறந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார் அத்தை. என் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியெல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார்களாம். பின்னால் தெரிந்தவர் ஒருவர் சொன்னார்.

அன்றிலிருந்து சமைக்கலாம், பாத்திரம் தேய்க்கலாம், ஆனால் அரிசி அளந்து போட மட்டும் எனக்கு உரிமையில்லை. என் ஓரகத்தி அளந்து தருவாள். எத்தனை வருஷம் தெரியுமா? ஏழு வருஷம்!

என் கணவர்? அவர் கெட்டவர் இல்லை. ஒரு நாளும் கை நீட்டியதில்லை. ஆனால் வாயும் திறக்கவில்லை. "அம்மாட்ட நான் என்னன்னு போய்ச் சொல்ல?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். மாமியாரின் பேச்சைவிட அந்த முதுகுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

முதலில் கேட்ட கேள்வி

துக்கம் மனசோடு நிற்பதில்லை, சகோதரிகளே. உடம்புக்கும் இறங்கிவிடும். எனக்குச் சோறு பிடிக்கவில்லை. அம்மா கொண்டுவந்து வைத்த உளுந்தமாவும் கருப்பட்டியும் அப்படியே கிடந்தன. குழந்தை தூங்கினாலும் நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. குழந்தைக்குப் பால் போதவில்லையோ என்ற பயம் வேறு.

மூன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போனபோது, அங்கிருந்த நர்ஸம்மா குழந்தையை எடைபோட்டுப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ காலையில சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அந்த நர்ஸம்மா சொன்னதை இன்றும் இளம் தாய்மார்களுக்குச் சொல்லி வருகிறேன். பிள்ளை பெற்ற முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், தானாகச் சரியாகிவிடும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகை, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை தொடர்ந்தால் அதை 'மனசு சரியில்லை' என்று விட்டுவிடக் கூடாது. மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அது விசுவாசக் குறைவல்ல. காய்ச்சல் வருவதைப் போல ஒரு சுகவீனம். மருந்தும் உண்டு, குணமும் உண்டு. அந்த வாரமே என்னை மருத்துவரிடம் அனுப்பியவர் அவர்தான்.

ஆண்டவர் என்னை மறந்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நாளில், அவர் ஒரு நர்ஸம்மாவின் வாயால் 'சாப்பிட்டியா' என்று கேட்டார். அப்படித்தான் எனக்கு இன்றும் தோன்றுகிறது.

விடிய விடியப் படித்த கதை

எங்கள் ஐயரம்மா, அதாவது எங்கள் சபைப் போதகரின் மனைவி, ஒருநாள் என்னிடம், "ஆதியாகமத்துல முப்பத்தேழாம் அதிகாரத்திலிருந்து கடைசி வரைக்கும் ஒரே மூச்சில படி. ஞாயித்துக்கிழமைப் பள்ளியில படிச்ச கதைன்னு தள்ளாதே" என்றார்கள். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, இரண்டு ராத்திரியில் படித்து முடித்தேன். யோசேப்பின் கதை.

தெரியாத சகோதரிகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். யாக்கோபு என்பவருக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். யோசேப்பு அப்பாவின் செல்லம். அண்ணன்மாருக்குப் பொறாமை. 17 வயதுப் பையனைத் தண்ணீரில்லாத குழியில் தள்ளி, பிறகு 20 வெள்ளிக்காசுக்கு வியாபாரிகளிடம் விற்றுவிட்டார்கள். எகிப்தில் ஓர் அதிகாரியின் வீட்டில் அடிமையாக வேலை. அங்கே எஜமானி அவன்மேல் கெட்ட எண்ணம் வைத்தாள். அவன் இணங்கவில்லை. உடனே பழியை அவன்மேல் போட்டாள். செய்யாத குற்றத்துக்குச் சிறை. கடைசியில், ராஜாவின் கனவுக்குப் பொருள் சொல்லி, 30-ஆம் வயதில் எகிப்து தேசத்துக்கே அதிகாரியானான். பஞ்சத்தில் தானியம் கேட்டு அதே அண்ணன்மார் அவன் முன்னால் வந்து விழுந்தார்கள்.

பொய்ப்பழி என்ற இடம் வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. என் கதைதானே! சின்ன வயதில் கவனிக்காத சில விஷயங்களை அந்த ராத்திரிகளில்தான் கவனித்தேன்.

ஒன்று, காலம். 17 வயதில் விற்கப்பட்டவன் 30 வயதில்தான் வெளியே வருகிறான். 13 வருஷம்! அண்ணன்மார் வந்து நிற்கும்போது ஏழு வருஷ விளைச்சலும் இரண்டு வருஷப் பஞ்சமும் கடந்துவிட்டன. அப்படியானால் அவனுக்கு 39 வயது. வேதத்தில் சில அதிகாரங்கள்தான். வாழ்க்கையில் 22 வருஷம். நாமோ உபவாச ஜெபம் முடிந்த மறுநாளே மாமியார் மாறியிருப்பார் என்று எட்டிப் பார்க்கிறோம்!

இரண்டு, அழுகை. யோசேப்பு அழுத இடங்களை எண்ணிப் பார்த்தேன். ஏழு இடங்கள். அதிகாரி ஆன பிறகும் அழுகிறான், அறைக்குள் போய் அழுது முகம் கழுவிக்கொண்டு வருகிறான். கடவுளை நம்புகிறவர்கள் அழக்கூடாது என்று யார் சொன்னது?

மூன்று, அவன் கெஞ்சியது. குழியில் போட்டபோது யோசேப்பு என்ன செய்தான் என்று அந்த இடத்தில் எழுதவே இல்லை. ஐந்து அதிகாரம் தள்ளி, அண்ணன்மார் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போதுதான், தம்பி உயிர் பதறக் கெஞ்சினான், நாம் கேட்கவில்லையே என்று சொல்கிறார்கள். யாருக்கும் கேட்காத கூக்குரல் என்று நினைத்தோமே, அது எழுதப்பட்டுத்தான் இருக்கிறது. அடுக்களையில் குழாயைத் திறந்துவிட்டு நான் அழுத அழுகையும் எங்கோ எழுதப்பட்டிருக்கும் என்று அன்றுதான் நம்பினேன்.

நான்கு, சிறையில் அவன் செய்த வேலை. தன் துக்கமே மலைபோல இருக்கும்போது, கூட இருந்த இரண்டு கைதிகள் முகம் வாடியிருப்பதைக் காலையில் பார்த்துவிட்டு, ஏன் வருத்தமாக இருக்கிறீர்கள் என்று விசாரிக்கிறான். அந்த விசாரிப்பில்தான் அவன் சிறைக்கதவு திறக்கும் வழியே ஆரம்பிக்கிறது. நர்ஸம்மா என்னிடம் கேட்டதும் அதே மாதிரி ஒரு கேள்விதானே!

அப்படியானால் தீமையும் அவர் செய்ததா?

இந்தக் கேள்வி எனக்கும் வந்தது. சங்கிலி காணாமல் போனதும், என் அம்மாவின் பையைத் திறந்து பார்த்ததும் கடவுள் செய்ததா?

யோசேப்பு அண்ணன்மாரிடம் கடைசியில் பேசிய பேச்சைக் கவனியுங்கள். நீங்கள் செய்தது ஒன்றும் தப்பில்லை என்று அவன் மழுப்பவில்லை. தீமையைத் தீமை என்றே சொன்னான். ஆனால் அந்தத் தீமைக்கும் மேலே ஒரு கை இருந்தது, அது பல பேர் உயிர் பிழைக்கிறபடி காரியத்தைத் திருப்பிவிட்டது என்றான்.

என் அம்மா ஊரில் தையல் தைப்பவர்கள். ஒரு முறை, உதவிக்கு வந்த பெண் ஒரு நல்ல பூத்துணியைத் தப்பாக வெட்டிவிட்டாள். அம்மா, "தப்பா வெட்டிட்டியே" என்று திட்டினார்கள். தப்பு தப்புதான். ஆனால் துணியைத் தூக்கி எறியவில்லை. மடியில் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கடையில் வேறு துணி வாங்கி அந்தப் பெரியம்மாவுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துவிட்டு, வெட்டின துணியில் அழகான ஒரு பாப்பா கவுன் தைத்தார்கள். அந்தக் கவுனை நான்தான் போட்டுக்கொண்டேன்.

தப்பாக வெட்டியது அம்மா இல்லை. ஆனால் துணி அம்மாவின் மடியை விட்டுப் போகவே இல்லை. கடவுளின் ஆளுகையை நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். அத்தையின் இடுப்பில் இருந்தது அரிசிப் பெட்டிச் சாவி. என் வாழ்க்கையின் சாவி அங்கே இல்லை!

பொறுமையும் ஊமைத்தனமும்

இந்த இடத்தில் நம் பெண்கள் பலர் வழுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்தவள்தான். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி, பேச வேண்டிய இடத்தில்கூட வாயைப் பொத்திக்கொள்வது.

யோசேப்பு அப்படி இருக்கவில்லை. எஜமானி பிடித்து இழுத்தபோது, மேலாடையை அவள் கையிலேயே விட்டுவிட்டு வெளியே ஓடினான். சிறையிலிருந்து விடுதலையாகப் போன பானபாத்திரக்காரனிடம், நான் எந்தக் குற்றமும் செய்யவில்லை, ராஜாவிடம் என்னைப் பற்றிச் சொல் என்று வாய்விட்டு உதவி கேட்டான். அந்த ஆள் மறந்துபோனான். அதனால் இன்னும் இரண்டு வருஷம். ஆனாலும், கேட்டது தப்பு என்று வேதம் எங்கும் சொல்லவில்லை.

எங்கள் பாளையங்கோட்டையிலேயே ஒரு சாட்சி உண்டு. கிளாரிந்தா அம்மையார். தஞ்சாவூர்ப் பக்கத்து மராத்திப் பிராமணக் குடும்பத்து விதவை. ஞானஸ்நானம் கேட்டபோது, அப்போது அவர் வாழ்ந்துவந்த நிலையைக் காரணமாகச் சொல்லி முதலில் மறுத்துவிட்டார்கள். அவர் கோபித்துக்கொண்டு போகவும் இல்லை, கேட்பதை விடவும் இல்லை. 1778-ல் ஞானஸ்நானம் பெற்றார். 1785-ல் அவர் முயற்சியால் கட்டப்பட்ட ஆலயம் இன்றும் இங்கே நிற்கிறது. வேண்டாம் என்று சொல்லப்பட்ட ஒரு பெண் கட்டிய கோயிலில், இருநூறு வருஷத்துக்கு மேல் ஜனங்கள் முழங்கால் போட்டு ஜெபிக்கிறார்கள்! மனசு ரொம்பச் சோர்ந்த நாட்களில் அந்தப் பக்கம் போய்ச் சும்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவேன்.

2011-ல் ஒரு ராத்திரி. எங்கள் பெண்ணுக்கு ஏழு வயது. அன்று சாயங்காலம் அவள் பிஸ்கட் டப்பாவைத் தொட்டதற்கு, "அம்மா மாதிரியே வாரியா?" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். குழந்தை என்னிடம் வந்து, "அம்மா, நீ என்ன எடுத்தே?" என்று கேட்டாள்.

ஏழு வருஷமாக நான் பிடித்து வைத்திருந்தது அன்று உடைந்துபோயிற்று. கணவரிடம் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நீ எடுக்கலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார்.

"தெரிஞ்சும் ஏழு வருஷம் சொல்லலையா? எனக்காகச் சொல்ல வேண்டாம். உங்க மக கேக்கா, அவளுக்குப் பதில் சொல்லுங்க" என்றேன். சத்தம் போடவில்லை. ஆனால் கை நடுங்கியது.

அவர் எழுந்து பட்டாசாலைக்குப் போனார். விளக்கைப் போட்டார். "அம்மா, அவ அந்தச் சங்கிலிய எடுக்கல. இனிமே யாரும் அந்தப் பேச்சைப் பேசக்கூடாது. பேசினா நாங்க தனியாப் போயிருவோம்" என்றார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை அரிசிப் பெட்டி திறந்திருந்தது.

நான் அன்றே பேசியிருந்தால் அந்த ஏழு வருஷமும் மிச்சமாகியிருக்குமோ என்று சில நாள் நினைப்பேன். தெரியாது. பொறுமை என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி பயம்தான் என்று மட்டும் இப்போது தெரிகிறது.

போர்வையா, மன்னிப்பா?

2013-ல் அத்தைக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப்போனது. மூத்தவர் குடும்பம் அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தது. அத்தை எங்கள் பொறுப்பு.

உண்மையைச் சொல்கிறேன், முதல் நாள் எனக்கு இரக்கம் வரவில்லை. 'இப்போ தெரியுதா?' என்று மனசு ஒரு நிமிஷம் சொல்லிற்று. வெட்கமாக இருந்தது. ஆண்டவரிடம் அதையும் மறைக்காமல் சொன்னேன். பிறகு வெந்நீர் வைக்கப் போனேன். மனசு மாறட்டும் என்று காத்திருந்தால் வெந்நீர் ஆறிவிடுமே!

படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, சாய்வாக உட்கார வைத்துக் கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவது, விழுந்த கையை மெல்ல மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுப்பது எல்லாம் கற்றுக்கொண்டேன். கை பிடித்துவிடும்போது அத்தையின் கதையும் மெல்ல மெல்ல எனக்குத் தெரிந்தது. 32 வயதில் விதவையாகி, புருஷன் கூடப் பிறந்தவர்கள் வீட்டிலிருந்த பாத்திரம் பண்டத்தைக்கூட எடுத்துப்போன பிறகு, இட்லி விற்று மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். அதற்குப் பிறகுதான் அந்தச் சாவிக்கொத்து இடுப்புக்கு வந்ததாம். அவர் எனக்குச் செய்தது அதனால் நியாயமாகிவிடாது. ஆனால் அந்தச் சாவிச் சத்தத்தில் எத்தனை பயம் இருந்தது என்று எனக்குப் புரிந்தது.

ஒரு மழைநாள் சாயங்காலம். அத்தை இடது கையால் தலையணைக்கு அடியில் துழாவிச் சாவிக்கொத்தை எடுத்தார். என் பக்கம் தள்ளினார். குழறி ஏதோ சொன்னார். கண்ணில் தண்ணீர்.

அது 'என்னை மன்னிச்சிரு' என்பதா, 'குளிருது, பீரோவிலிருந்து போர்வையை எடு' என்பதா, இன்றுவரை எனக்குத் தெரியாது! நான் பீரோவைத் திறந்து, போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டேன். சாவியைத் திரும்பத் தலையணைக்கு அடியில் வைத்தேன். அவர் இல்லை என்று தலையசைத்து, என் கையை மூடிவிட்டார்.

2016-ல் அத்தை காலமானார்கள். சங்கிலி எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. கதையில் வருவதுபோல அது சுவர் இடுக்கிலிருந்து கிடைக்கவில்லை. யாரும் வந்து ஒப்புக்கொள்ளவும் இல்லை. ஆனால் அது எனக்குத் தெரிய வேண்டும் என்ற தவிப்பு எப்போதோ போய்விட்டது. தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். கணக்கு அவரிடம் இருக்கிறது.

அடி விழுகிற வீட்டில்

எனக்கு நடந்ததும், அந்த இளம் தாய்க்கு நடப்பதும் ஒன்றல்ல. அதை அவளுக்குத் தெளிவாகச் சொன்னேன். என் உயிருக்கு ஆபத்தில்லை. உயிருக்கு ஆபத்து இருக்கும் இடத்தில், பொறுத்துக்கோ என்று சொல்வது விசுவாசமல்ல.

தாவீது, சவுல் ராஜா ஈட்டியை எறிந்தபோது விலகி, ராத்திரியோடு ராத்திரியாகத் தப்பிப் போனார். அவர் மனைவிதான் ஜன்னல் வழியாக இறக்கிவிட்டாள். பவுல் அப்போஸ்தலர் தமஸ்கு பட்டணத்து மதிலிலிருந்து கூடையில் வைத்து இறக்கப்பட்டுத் தப்பினார். கடவுள் ஆளுகிறார் என்று இவர்களைவிட நம்பியவர் யார்? ஜன்னலும் கூடையும்கூட அவருடைய ஆளுகைக்குள் இருப்பவைதான்.

இன்று நமக்கும் ஜன்னல் உண்டு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடி மட்டுமல்ல, வாயால் வதைப்பது, செலவுக்குக் கொடுக்காமல் தவிக்க விடுவது எல்லாம் அதில் வரும். குடியிருக்கும் வீட்டிலிருந்து பெண்ணை வெளியே தள்ளாமலிருக்கவும் அதில் வழி உண்டு. மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். பெண்கள் உதவிக்கு 181 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம். காசு கிடையாது.

எனக்குக் கைகொடுத்த சில பழக்கங்கள்

1. எத்தனை அழுகை வந்தாலும் வேளைக்குச் சாப்பிட்டேன். பால் கொடுக்கும் தாய் பட்டினி கிடந்தால் அது தனக்கு மட்டுமான தண்டனை அல்ல.

2. ஒரே ஒருவரிடம், வாய் காக்கிற நல்லவரிடம், எல்லாவற்றையும் சொன்னேன். தெருவெல்லாம் சொன்னால் பாரம் குறையாது, கூடும்.

3. நீளமாக ஜெபிக்க முடியாத நாளில் "ஆண்டவரே, நீர் பார்க்கிறீர்" என்று ஒரு வரி மட்டும் சொன்னேன். அடிமைப்பெண் ஆகார் எஜமானியின் கொடுமை தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடியபோது, தன்னைக் காண்கிற தேவன் என்றுதான் கடவுளுக்குப் பேர் வைத்தாள்.

4. கைக்கு வந்த வேலையை விடவில்லை. அம்மாவிடம் கற்ற தையலை எடுத்தேன். ரவிக்கை தைத்த காசில்தான் என் பெண்ணுக்கு முதல் பள்ளிக்கூடப் பை வாங்கினேன்.

5. மன்னிப்பது வேறு, உடனே நம்பிவிடுவது வேறு என்று கற்றேன். யோசேப்புகூட அண்ணன்மார் மாறியிருக்கிறார்களா என்று சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் தன்னை வெளிப்படுத்தினான்.

அந்த இளம் தாயின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அன்று கூட்டம் முடிந்ததும் ஐயரம்மாவும் நானும் அவளோடு போனோம். முதலில் மருத்துவரிடம், பிறகு பாதுகாப்பு அலுவலரிடம். "சிலுவை" என்று சொன்னாரே, அந்த மூத்த அம்மாளும் பின்னாலேயே வந்து, குழந்தையைத் தம் இடுப்பில் வாங்கிக்கொண்டு ஆபீஸ் வாசலில் மூன்று மணி நேரம் நின்றார்! இப்போது அந்தப் பெண் தாய் வீட்டில் இருக்கிறாள். காரியம் இன்னும் முடியவில்லை. அவள் கணவர் திருந்துவாரா, என்ன ஆகும், எங்களுக்குத் தெரியாது. 'கண்டிப்பாக எல்லாம் சரியாகிவிடும்' என்று நான் அவளுக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

போன வாரம் அவளைப் பார்க்கப் போனேன். "அக்கா, அன்னைக்கு நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் முழுசாத் தெரியல. ஆனா ராத்திரி தூங்குதேன்" என்றாள்.

யோசேப்புக்கும் சிறைக்குள் இருந்தபோது பதில் தெரியாது, சகோதரிகளே. தெரியாமலேதான் பக்கத்திலிருந்தவனிடம், ஏன் உன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டான். உங்கள் தெருவிலும், உங்கள் கோயிலிலும், குழாயடியிலும் அப்படி ஒரு வாடின முகம் இருக்கும். இன்றைக்கு அவளிடம் போய், "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுப் பாருங்களேன்!